திருப்பதிக்கு வந்த கடற்கரை
ஒரே நாளில் பார்த்துத் திரும்பப் பழவேற்காடு ஏரியும் அதன் தீவுகளும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். குழந்தைகள் கடல் பார்க்க வேண்டும் என்பார்கள். பெரியவர்கள் பஸ் கட்டணத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். கடைசியில் சென்னை மெரினா அல்லது மாமல்லபுரம் என்று முடிவாகும். அங்கே போனால் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்க வேண்டும்; இரண்டு நாள் என்பது நான்கு நாளாகும். கடைசியில் கடலை எட்டிப் பார்த்தது ஒரு மணி நேரம்தான் என்று தெரியவரும்.

இனி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பழைய சித்தூர் மாவட்டத்துக்கு மலை இருந்தது, ஆறு இருந்தது, கோயில்கள் இருந்தன. கடல் மட்டும் இல்லை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அந்தக் குறையும் தீர்ந்தது. புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் அதுவரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா ஆகிய பகுதிகளும் சேர்க்கப்பட்டன. ஏழுமலையானின் ஊருக்கு வங்கக் கடலும், அதன் ஓரமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியும், அதிலுள்ள தீவுகளும் ஒரே நாளில் சொந்தமாகிவிட்டன.

விடியற்காலையில் புறப்பட்டால் இவற்றைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆனால் எதை எப்போது பார்க்க வேண்டும், எதைக் கோடையில் எதிர்பார்க்கக் கூடாது, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

ஆற்றோடு ஒரு பிரயாணம்

திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்ப்பேட்டை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து வருபவர்கள் இன்னும் 70 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வருபவர்கள் தேவையானால் நாயுடுபேட்டையில் இறங்கி மாறலாம். ரயிலில் வர விரும்பினால் கூடூரில் வண்டி மாறி, சென்னை செல்லும் பாதையில் சூளூர்ப்பேட்டையில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து புறநகர் ரயில்களே சூளூர்ப்பேட்டை வரை ஓடுகின்றன. ஆகவே சென்னை உறவினர்களை மாமல்லபுரத்துக்குப் பதிலாக இங்கே வரச் சொல்லிச் சந்திக்கவும் வழி உண்டு.

இந்தச் சாலையில் ஸ்வர்ணமுகி ஆறு துணைக்கு வருவதுபோல் அடிக்கடி கண்ணில் படும். திருச்சானூர்ப் பக்கத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் அதே ஆறுதான், காளஹஸ்திக் கோயிலின் படித்துறையைத் தொட்டு, நாயுடுபேட்டையைக் கடந்து, வாகாடு வட்டாரத்தில் கடலைச் சேர்கிறது. ஊரில் பார்த்த ஆற்றைத் தொடர்ந்து வந்தே கடலை அடையலாம் என்பது குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய நல்ல பாடம்.

மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் இந்தச் சமவெளி கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகையால் காலை நான்கரை மணிக்காவது புறப்பட்டுவிட வேண்டும். காளஹஸ்தி தரிசனத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வழியிலேயே பொழுது ஏறிவிட்டால் பறவைகளும் நிழல் தேடிப் போய்விடும்.

கூழைக்கடாக்களின் பிரசவ விடுதி

நாயுடுபேட்டையிலிருந்து தெற்கே சென்னை நெடுஞ்சாலையில் திரும்பினால், தொரவாரி சத்திரத்துக்கு அருகே நேலபட்டு என்ற சிற்றூர் வரும். 1976-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு அதே குடும்பத்து இன்னொரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஏரி நீரிலேயே வேரூன்றி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். அவற்றின் உச்சியில் குச்சிக் கூடுகள்.

இங்கே முக்கியமான விருந்தாளி கூழைக்கடா. அலகின் கீழே பை தொங்கும் பெரிய பறவை. இந்தியா, இலங்கை, கம்போடியா போன்ற சில நாடுகளில் மட்டுமே கூடு கட்டும் இந்த இனத்துக்கு, தென்னிந்தியாவிலுள்ள பெரிய பிரசவ விடுதிகளில் ஒன்று நேலபட்டு. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவையும் இங்கே குடித்தனம் நடத்துகின்றன.

நேலபட்டு ஏரி சிறியது. இத்தனை வாய்களுக்கும் தீனி போட அதனால் முடியாது. தாய்ப் பறவைகள் சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள பழவேற்காடு ஏரிக்குப் பறந்து போய் மீன் பிடித்து, தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. வீடு ஓரிடம், மளிகைக் கடை இன்னோரிடம் என்ற கதைதான். பழவேற்காட்டில் மீன் குறைந்தால் நேலபட்டில் தொட்டில் காலியாகும்.

கோடைப் பிரயாணிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கும் கூடு கட்டும் காலம் மார்ச், ஏப்ரலோடு முடியத் தொடங்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் போனால் பறக்கப் பழகும் குஞ்சுகளைப் பார்க்கலாம். மே கடைசியில் போனால் பெரும்பாலும் வெறும் கூடுகளும் வற்றிய குட்டையும்தான். முழுக் கூட்டத்தையும் பார்க்க விரும்புபவர்கள் டிசம்பர், ஜனவரியில் இன்னொரு முறை வர வேண்டும். சூளூர்ப்பேட்டையில் 2001-இல் தொடங்கப்பட்ட பூநாரைத் திருவிழாவும் பறவைகள் நிறைந்திருக்கும் குளிர்காலத்தை ஒட்டியே நடத்தப்படுகிறது. 2025-இல் அது ஜனவரியில் நடந்தது.

கதவில்லாத அம்மன்

நேலபட்டிலிருந்து சூளூர்ப்பேட்டை வந்து சேரும்போது காலைச் சிற்றுண்டி வேளையாகிவிடும். பஜாரில் இட்லி, தோசை, பூரி எல்லாம் கிடைக்கும். இங்கே ஹோட்டல்காரரிடம் தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் வருவதும், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருவதும் சகஜம்.

காளங்கி ஆற்றின் கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. செங்காளம்ம பரமேஸ்வரி என்பார்கள். இந்தச் சந்நிதிக்குக் கதவு அடைப்பதில்லை என்பது வழக்கம். எந்த வேளையில் வந்தவரையும் அம்மன் திருப்பி அனுப்புவதில்லை என்பது ஊர் நம்பிக்கை. ராக்கெட் விண்ணில் ஏறுவதற்கு முன் விண்வெளித் துறைத் தலைவர்கள் இங்கே வந்து வழிபட்டுச் செல்வது பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் வரும் காட்சி. திருமலையில் ராக்கெட்டின் மாதிரியை வைத்து வணங்கிவிட்டு, எல்லை அம்மனிடமும் விடைபெற்றுப் போகிறார்கள்.

ஏரியைப் பிளக்கும் சாலை

சூளூர்ப்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலைதான் இந்தப் பிரயாணத்தின் சிகரம். சுமார் 18 கிலோமீட்டர். ஊர் முடிந்ததும் இருபுறமும் வீடுகள் மறைந்து, மரங்கள் மறைந்து, வானமும் ஏரியும் மட்டும் மிஞ்சுகின்றன. ஏரியின் நடுவே மண் மேடு போட்டு அதன் மேல் சாலை போட்டிருக்கிறார்கள்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஆனால் ஆழம் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர்தான். பல இடங்களில் மீனவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவதைப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் காளங்கியும் ஆரணி ஆறும் நல்ல நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி இனிக்கத் தொடங்கும். கோடையில் வெயில் நீரைக் குடிக்க, ஏரி கடலைவிடக் கரிக்கும். வடபகுதி பெரும்பாலும் காய்ந்து, வெள்ளை உப்புப் பாளமாக மின்னும். தூரத்தில் பார்த்தால் தண்ணீர்போல் தெரியும். கிட்டே போனால் வெடித்த சேறு. படத்தில் பார்த்த நீலக் கடலை எதிர்பார்த்துக் கோடையில் வந்தவர்கள் ஏமாற்றமடையக்கூடும். ஆனால் இதற்கும் ஒரு தனி அழகு உண்டு. கானல் நீரின் நடுவே ஒற்றைப் படகு தரை தட்டி நிற்கும் காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்?

தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களில் பூநாரைகள் இன்னும் நிற்கலாம். நீண்ட கால்களை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்துச் சல்லடைபோல் சலித்து உண்ணும் பறவை இது. அதன் இளஞ்சிவப்பு, உண்ணும் தீனியிலிருந்து ஏறும் நிறம். கட்ச் பாலைவனத்து உப்பு நிலங்களில் குஞ்சு பொரித்து வளர்ந்தவை இங்கே வந்து பசியாறுகின்றன. சாலை நடுவே அட்டகானிதிப்பா என்ற இடத்தில் இவற்றைப் பார்ப்பதற்கு வசதி உண்டு. தெலுங்கில் திப்பா என்றால் மேடு. பைனாகுலர் இருந்தால் கொண்டுபோகவும். கையைத் தட்டி, கூச்சல் போட்டுப் பறவைகளைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வெகுதூரம் பறக்க வேண்டிய பறவை சேர்த்துவைக்கும் பலத்தை நாம் வீணடிக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பெரியவர்களின் கடமை.

ராக்கெட் தீவு

சாலையின் முடிவில் ஸ்ரீஹரிகோட்டா. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவு. வெள்ளைக்காரர் ஆட்சி 1835-இல் இதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு இங்கிருந்து விறகு போயிற்று. சவுக்கும் யூகலிப்டஸும் வளர்ந்த இந்தத் தீவில், காட்டுப் பொருள் சேகரித்து வாழ்ந்தவர்கள் ஏனாதிப் பழங்குடியினர்.

1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்காக இந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் எளிமையானது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு அந்தச் சுழற்சி ஓர் உந்துதல் கொடுக்கிறது. கிழக்கே திறந்த கடல் இருப்பதால், ராக்கெட் பழுதானாலும் ஊர் மேல் விழாது. பூமத்திய ரேகைக்கும் ஓரளவு அருகில். 1971 அக்டோபரில் ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட்டோடு இங்கே வேலை தொடங்கியது.

1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. ஓராண்டுக்குள், 1980 ஜூலை 18-ஆம் தேதி, அதே ரக ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ராமேஸ்வரம் தீவில் பிறந்த தமிழர், இன்னொரு தீவிலிருந்து இந்தியாவை விண்ணுக்கு அனுப்பினார். முதல் தோல்வியின்போது பத்திரிகையாளர்கள் முன் தானே வந்து பொறுப்பேற்ற தலைவர் சதீஷ் தவான், வெற்றி வந்தபோது கலாமை முன்னே அனுப்பினார் என்பது கலாமே பலமுறை சொன்ன செய்தி. 2002-இல் இந்த மையத்துக்கு சதீஷ் தவானின் பெயரே சூட்டப்பட்டது. 2008-இல் முதல் சந்திரயான், 2013-இல் மங்கள்யான், 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 எல்லாம் புறப்பட்டது இங்கிருந்துதான். 2025 ஜனவரி 29-ஆம் தேதி நூறாவது ராக்கெட் ஏறியது.

உள்ளே போக முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முன் அனுமதியில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஏவுதலைப் பார்க்க 2019-இல் பொதுமக்களுக்கெனப் பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. ராக்கெட் ஏவும் நாட்களில் கணினி வழியாக முன்கூட்டியே பெயர் பதிவு செய்தவர்களுக்கு அங்கே இடம் கிடைக்கும். பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துபோவதும் உண்டு. கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஏரிக்கரையில் எங்கே நின்றாலும் ராக்கெட் ஏறுவது தெரியும். முதலில் ஒளி வரும்; சத்தம் பின்னால்தான் வந்து நெஞ்சில் மோதும்.

இந்தப் பெருமைக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஏவுதளம் வந்தபோது தீவிலிருந்த குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. தீவைவிட்டு வந்த மீனவக் குடும்பங்கள் சில, ஏரியின் தென்கரையில் குடியேறின. ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் தண்ணீர் ஒன்றுதான், மீனும் ஒன்றுதான்.

ஏரியின் வாய் அடைபட்டால்

கடலும் ஏரியும் மூச்சு விடுவதுபோல் நீரைப் பரிமாறிக்கொள்வது முகத்துவாரம் வழியாகத்தான். தெற்கே பழவேற்காட்டில் ஒன்று, வடக்கே ராயதொருவு, தூபிலிப்பாளையம் பக்கங்களில் மற்றவை. கடல் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கக் குவிக்க, வடக்கே உள்ள வாய்கள் தூர்ந்துபோகின்றன. தெற்கு வாயும் கோடையில் குறுகிவிடும். இறால் குஞ்சு உள்ளே வராது. மீன் குஞ்சு வளராது.

அத்தோடு ஏரியின் குறுக்கே போட்ட சாலையும் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே நீரோட்டத்தைத் தடுக்கிறது. சாலைக்கு அடியில் விட்ட மதகுகள் போதவில்லை என்று சூழலியல் அறிஞர்கள் நீண்ட நாட்களாகச் சொல்லி வருகிறார்கள். பிரயாணிகள் ரசித்துக்கொண்டே போகும் அதே சாலைதான் ஏரிக்கு ஒரு கட்டாகவும் இருக்கிறது. வாய்களைத் தூர் வாரி நிலையாகத் திறந்துவைக்க இரு மாநில அரசுகளும் திட்டங்கள் அறிவித்திருக்கின்றன. ஆனால் மணல் ஆண்டுதோறும் வருகிறது. ஒருமுறை வாரிவிட்டுச் சும்மா இருக்க முடியாத வேலை இது.

தண்ணீரின் மேல் போட்ட எல்லைக்கோடு இன்னொரு சிக்கல். 1953-இல் ஆந்திரா பிரிந்ததும், படாஸ்கர் முடிவின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திருத்தப்பட்டதும் சித்தூர்த் தமிழர்களுக்குத் தெரிந்த வரலாறு. திருத்தணி அங்கே போயிற்று. சத்தியவேடு இங்கே வந்தது. தரையில் கல் நட்டு எல்லை காட்டலாம். ஏரியில் எங்கே நடுவது? மீன் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் இரு கரை மீனவர்களுக்கும் அவ்வப்போது தகராறு எழுவதும், அதிகாரிகள் வந்து சமாதானம் செய்வதும் நடந்துகொண்டே இருக்கிறது.

இரக்கம் தீவு

தடாவுக்குக் கிழக்கே, இரு மாநில எல்லையை ஒட்டி, ஏரியின் நடுவே இரக்கம் என்ற தீவு இருக்கிறது. பீமுனிவாரிபாளையத்துப் படகுத்துறையிலிருந்து அங்கே படகு போகும். பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்கு உள்ளம் நெகிழும்.

இது உல்லாசத் தீவு அல்ல. மீன்பிடித்துப் பிழைக்கும் ஜனங்கள் வாழும் ஊர். பல தலைமுறையாகப் படகையே நம்பி வாழ்ந்தவர்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானாலும், வீட்டுக்குச் சிமெண்ட் மூட்டை வர வேண்டுமானாலும் படகுதான் கதி என்று இருந்தவர்கள். கோடையில் நீர் வற்றினால் படகு சேற்றில் தட்டும். மழைக்காலத்தில் காற்று வீசினால் படகு எடுக்க முடியாது. கரையிலிருப்பவர்களுக்கு அரை நாள் வேடிக்கையாகத் தோன்றும் படகுப் பிரயாணம் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

ஆகவே அங்கே போகிறவர்கள் விருந்தாளியைப்போல் போக வேண்டும். குடிதண்ணீர், சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மாலை மங்கும் முன் கரை திரும்பிவிட வேண்டும்.

கைலிக்குப் பெயர் கொடுத்த ஊர்

நேரமும் தெம்பும் இருப்பவர்கள் தடாவிலிருந்து கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வழியாகத் தென்கரைக்கு, பழவேற்காட்டுக்கே போய்விடலாம். மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

இன்று மீன் வாசனை வீசும் அமைதியான கடற்கரை ஊர். ஆனால் சென்னை என்ற பட்டணம் உருவாவதற்கு முன்பே உலக வரைபடத்தில் பழவேற்காடு இருந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். பிறகுதான் நாகப்பட்டினத்துக்கு மாறினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிய மேடும் அகழியின் அடையாளமும்தான் மிச்சம். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிறப்பவர் எல்லாம் ஒருநாள் இங்கே வருவார் என்று பயமுறுத்துவதுபோல் இருக்கும்.

இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி தென்கிழக்காசியாவில் அவ்வளவு பிரசித்தம். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கைலிக்கு இன்றும் பெலிக்காட் என்றே பெயர். புலிகாட் என்ற ஊர்ப்பெயர்தான் அது. இப்போது நெசவு அடங்கிவிட்டது. பனை ஓலையில் பெட்டி, கூடை முடையும் பெண்களின் கைவேலை மட்டும் ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. ஒரு கூடை வாங்கி வந்தால் வீட்டுக்கும் உபயோகம், முடைந்தவருக்கும் உதவி.

ஆங்கிலேயருக்கும் இந்தக் கரையோடு ஓர் உறவு உண்டு. ஏரிக்கு வடக்கே, வாகாடு வட்டாரத்திலுள்ள துர்கராஜபட்டினத்தின் அருகே அவர்கள் 1626 வாக்கில் ஒரு பண்டகசாலை அமைத்தார்கள். அதற்கு ஆர்மகான் என்று பெயர். உதவி செய்த ஆறுமுக முதலியார் என்ற உள்ளூர்க்காரரின் பெயரே அப்படித் திரிந்தது என்பார்கள். அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் டேதான் 1639-இல் தெற்கே போய்ச் சென்னையில் இடம் பிடித்தார். இந்தக் கரையில் காலூன்றிய பிறகுதான் சென்னைக்கு வித்து விழுந்தது என்றால் மிகையல்ல.

பழவேற்காட்டு மீனவரிடம் இன்னொரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல மீன் கிடைக்கும் இடங்களை யாரும் தனியே சொந்தம் கொண்டாடக் கூடாது. பாடு உரிமையுள்ள கிராமங்களும் குடும்பங்களும் முறை வைத்துக்கொண்டு, இன்று இவர், நாளை அவர் என்று வலை போடுவார்கள். ஏரி சுருங்கச் சுருங்க இந்த முறைக்கும் சோதனை வந்திருக்கிறது. முறையில் சேராதவர்களும் பசியோடு இருக்கிறார்களே!

கோடையில் மீன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அது மீன் முட்டையிடும் காலம். அப்போது சந்தைக்கு வருவது பெரும்பாலும் ஏரியிலும் நாட்டுப் படகிலும் பிடித்தது. விலை கூடுதலாக இருந்தால் முகம் சுளிக்கக் கூடாது.

ஊரையும் கடலோரத்துக் கலங்கரை விளக்கக் குப்பத்தையும் ஒரு பாலம் இணைக்கிறது. மாலையில் அதன்மேல் நின்றால் மேற்கே ஏரியின்மேல் சூரியன் இறங்குவதைக் காணலாம். கிழக்கே கடல் இருண்டுகொண்டே வரும். காற்று குளிர்ந்து வீசும். பகலெல்லாம் வெயிலில் வாடிய களைப்பு அந்த ஐந்து நிமிடத்தில் பறந்துவிடும்.

அலட்சியம் வேண்டாம்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். விடுமுறையைக் கொண்டாடப் பழவேற்காட்டுக்கு வந்து படகேறியவர்களின் படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உள்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே குடும்பத்து உறவினர்கள் பலர் அதில் அடக்கம். ஆழமில்லாத ஏரிதானே என்ற அலட்சியம் பெரிது. ஏரி ஆழமில்லாததுதான், ஆனால் முகத்துவாரத்தில் கடல் நீர் பாய்ந்து வரும் வேகம் வேறு. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய மீன்பிடிப் படகு அதைத் தாங்காது. அதன் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்கு அதிகாரிகள் தடை விதித்தார்கள்.

எனவே அனுமதியில்லாத இடத்தில், கொஞ்சம் காசு அதிகம் கொடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறக் கூடாது. அனுமதியுள்ள இடத்திலும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் கரையில் நின்றே பார்த்துவிட்டு வருவதில் அவமானம் ஒன்றுமில்லை. பிள்ளை அழுதால் அழட்டும். கரையில் அழும் பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிடலாம்.

கடலில் குளிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஸ்ரீஹரிகோட்டாவின் கடற்கரை பொதுமக்களுக்கு இல்லை. தூபிலிப்பாளையம், பழவேற்காடு ஆகிய கடற்கரைகளுக்குப் போகலாம். ஆனால் முகத்துவாரத்தின் அருகே இறங்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

திரும்பும் வழி

பழவேற்காட்டிலிருந்து திருப்பதிக்குத் திரும்ப, வந்த வழியே போக வேண்டியதில்லை. பொன்னேரியிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாக வந்துவிடலாம். சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளி இந்த வழியில்தான். நடை அடைக்கும் முன் வந்தால் ஒரு தரிசனமும் ஆகும். சித்தூர்க்காரர்கள் புத்தூரில் பிரிந்து தங்கள் வழி போகலாம்.

வீட்டிலிருந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு போவது நல்லது. ஏரிச் சாலையில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. தலைக்கு ஒரு துண்டு, தாராளமாகக் குடிதண்ணீர், வயதானவர்களுக்கு உப்புப் போட்ட மோர் அவசியம். பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை சூளூர்ப்பேட்டையிலோ தடாவிலோ நிழலில் தங்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்பேன் என்று அவசரப்படுபவர்கள் எதையும் பார்க்காமல் திரும்புவார்கள். சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் நேலபட்டு, சூளூர்ப்பேட்டை, ஏரிச் சாலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இளைஞர்கள் பழவேற்காடு வரை போய் வரட்டும்.

மலை மாவட்டத்துக்கு ஒரு கடற்கரை கிடைத்திருக்கிறது. கூடவே அதைக் காக்கும் பொறுப்பும் கிடைத்திருக்கிறது. ஏரியின் வாய் திறந்திருக்க வேண்டும், மதகுகளில் நீர் ஓட வேண்டும், தீவு ஜனங்களுக்குப் போக்குவரத்து வசதி வேண்டும் என்று கேட்கும் உரிமை இனி நெல்லூர்க்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல, திருப்பதிக்காரர்களுக்கும் உண்டு. பார்க்காத ஏரிக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கினால், அடுத்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பியது என்ற செய்தி வரும்போது அது நம் வீட்டுச் செய்தியாகத் தோன்றும்.